ஆற்றங்கரைக்கும் கதியால்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பச்சைத் தடியை வெட்டி ஊன்றினால் அது வேர்விட்டுத் தளிர்க்கும் என்பது கதியால் வேலிக்குள் வளர்ந்த நம் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அறிவை வேலியோடு ஏன் நிறுத்திக்கொண்டோம் என்று கேட்கவே வந்தேன்.

கனகராயன் ஆற்றைப் பாருங்கள். வவுனியாப் பக்கமிருந்து மாங்குளம் வழியாக வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்புவது அதுவே. கரையில் நின்ற மருதமரங்களைத் தறித்து, படுகையில் மணலையும் அள்ளினால் கரை செங்குத்தாகி மாரிதோறும் இடிந்து விழும். விழுந்த மண் எங்கே போகும்? 1902 இல் கட்டத் தொடங்கிய அந்தக் குளத்தின் வயிற்றுக்குள்தான். மண் படிந்த அளவுக்கு நீர் கொள்ளாது. நீர் குறைந்தால் முதலிற் குறைவது சிறுபோகம்.

2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க நேர்ந்ததும், ஆயிரக்கணக்கானோர் வீடுவிட்டு வெளியேறியதும் நீங்கள் அறிந்ததே. அத்தகைய வெள்ளத்தைச் செடி தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நெருங்கி வளர்ந்த செடி கரையோரத்து ஓட்டத்தைத் தணிக்கும். வேர் மண்ணைப் பிடிக்கும். வயலிலிருந்து வடியும் உரமும் வண்டலும் புல்லிலே தங்க, நீர் தெளிந்து இறங்கும். வரண்ட வலயத்துப் பழைய குளக் கிராமத்தார் குளத்தின் மேற்புறத்தில் மரச்சோலையும் கோரையும் விட்டுவைத்தது இதனாலன்றோ? ஐரோப்பாவிலும் வில்லோ மரத்தின் பச்சைத் தடிகளை ஆற்றங்கரையில் ஊன்றுவது பழைய வழக்கம்.

செய்வது எப்படி? செங்குத்தான கரையை முதலிற் சரிவாக வெட்டவேண்டும். நீரோரத்தில் கோரையும் நாணலும், அதற்குமேல் வெட்டிவேர் வரிசை. அதன் வேர் மூன்று மீற்றர் வரை இறங்கக்கூடியது. அதற்கும் மேலே நொச்சி, பூவரசுக் கதியால்கள். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். உச்சியில் மருதங் கன்று. கிளுவையை நான் நம்பமாட்டேன், அது மேட்டுநிலத்து மரம். ஆறு வளைந்து மோதும் இடத்தில் அடியிலே கல் அடுக்காமற் செடியை மட்டும் நடுவது வீண்வேலை.

காலம் தை மாதம். வெள்ளம் வடிந்திருக்கும், ஈரம் காய்ந்திராது. முதற் கோடையில் வாளியெடுத்துத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்; அதற்குத்தான் இளைஞர்களை நோக்கிப் பேசுகிறேன். இன்னொன்று, ஆடுகள். நொச்சியை அவை தொடா. பூவரசங் குருத்தை விடா. இரண்டு வருஷமாவது முள்ளடைத்துக் காக்கவேண்டும்.