ஹெய்டி போட்ட வழக்கு

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக்காரர் ஹெய்டி குரோட்டர். 1995-இல் பிறந்தவர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தும் இந்தப் பெண், அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்.

அங்கே கருக்கலைப்புக்குப் பொதுவாக 24 வாரம்தான் கெடு. பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருக்கக்கூடும் என்றால் பிரசவம் வரைக்கும் அனுமதி உண்டு. டவுன் சிண்ட்ரோமையும் அதில் சேர்க்கும் இந்தப் பாகுபாடு எதற்கு என்று கேட்டார் ஹெய்டி.

இப்போதெல்லாம் 10-ஆவது வாரத்திலேயே அம்மாவின் கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். நஞ்சுக்கொடியிலிருந்து வந்து அதில் கலந்திருக்கும் டிஎன்ஏ துணுக்குகளை வைத்து, டவுன் சிண்ட்ரோமை உண்டாக்கும் கூடுதல் 21-ஆவது குரோமோசோம் இருக்க வாய்ப்புண்டா என்று சொல்லிவிடுகிறார்கள். இது வாய்ப்பு மட்டும்தான். உறுதி செய்ய, வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது போன்ற சோதனை வேண்டும். அந்தக் குழந்தை நாளைக்கு வேலைக்குப் போகுமா, வழக்குப் போடுமா என்பது எந்தப் பரிசோதனையிலும் தெரியாது!

2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும், 2022 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தன.

நீதிபதிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சில குறைபாடுகள் பிற்பாடுதான் தெரியவருகின்றன. எல்லாக் குடும்பத்துக்கும் தாங்கும் வசதி இருக்காது. சுமக்கிறவளின் முடிவை வேறு யார் எடுப்பது? ஆனாலும், குறைபாட்டுக்கென்று தனிக் கெடு வைத்திருப்பது உறுத்தத்தான் செய்கிறது.

இதற்கிடையே 2022 ஏப்ரலில், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது. படிப்பு, மருத்துவம், வீட்டு வசதி ஆகியவற்றில் அவர்களுடைய தேவைகளை எப்படிக் கவனிப்பது என்று பொது அமைப்புகளுக்கு அரசு வழிகாட்ட வேண்டும் என்கிறது அது.