அணைய மறுக்கும் கணினி

வட்டவளை இலங்கையில் மழை மிகுந்த ஊர்களுள் ஒன்று; தேயிலையே அதன் வாழ்வு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் எல்லா இயந்திரங்களையும் ஒரே நொடியில் நிறுத்திவிடுவதில்லை. உலர்த்தும் இயந்திரத்தினுள் தேயிலை இருக்கும்போதே அதனை நிறுத்தினால் சரக்கு கெட்டுவிடும். ஒவ்வொரு பகுதியும் தன் கையிலுள்ள வேலையை முடித்த பின்னரே ஓயவேண்டும். கணினியை அணைப்பதும் இத்தகையதே.

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், விலையின்றிக் கிடைப்பது; பழைய மடிக்கணினியிலும் ஓடவல்லது. ஆதலின் வருவாய் குறைந்த தோட்டக் குடும்பத்து மாணவருக்கும் அது எட்டும். ஆயினும் சில வேளைகளில் அணைக்கும் கட்டளை கொடுத்த பின்னும் கணினி அணைவதில்லை. திரை அசைவற்று நிற்க, விசிறி மட்டும் சுழலும். பொறுமையிழந்தோர் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துவிடுகின்றனர். வட்டில் எழுதி முடியாத பாடக்குறிப்போ, மதிப்பெண் பட்டியலோ அப்போது அழிந்துபோகக்கூடும். இக்காலத்துக் கோப்பு முறைகள் வட்டின் அமைப்பைப் பெரும்பாலும் காக்கும். எழுதப்படாத எழுத்தை எவ்வாறு காக்கும்?

ஆகவே முதலில் காத்திருத்தல் நன்று. 2010ஆம் ஆண்டு தோன்றிய 'சிஸ்டம்டி' என்னும் நிருவாக நிரலே இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் பணிகளை நிறுத்துகின்றது. அது ஒவ்வொரு பணியையும் முதலில் முறையாக விடைபெறச் சொல்லும்; வழக்கமாக 90 விநாடி வரை பொறுத்திருக்கும்; அதன் பின்னரே வலிந்து நிறுத்தும். எஸ்கேப் விசையை அழுத்தினால் திரையை மறைத்த படம் பெரும்பாலும் விலகி, எந்தப் பணி தாமதிக்கின்றது என்னும் வரி தெரியும். அப்பெயரைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். தவறவிட்டாலும் கவலையில்லை. மறுமுறை கணினியை இயக்கியதும், 'ஜர்னல்' என்பதோடு சி, டி, எல் என்னும் எழுத்துக்களைச் சேர்த்து, இடம் விட்டுக் கழித்தற்குறியும் பி எழுத்தும், மீண்டும் இடம் விட்டுக் கழித்தற்குறியும் 1 என்னும் எண்ணும் இட்டால், குறிப்பேடு சேமிக்கப்பட்டிருப்பின், முன்னைய இயக்கத்தின் வரலாறு வெளிப்படும். அதன் இறுதி வரிகளே சான்று.

இணைப்பு அறுந்த பின்னும் வலைப்பின்னலிலுள்ள வட்டைத் தேடி நிற்கும் பணி, பழுதுற்ற வெளிவட்டு, மூடப்படாத நிரல் ஆகியன பொதுவான காரணங்கள். காரணத்தைக் களையாமல் 90 விநாடியை 10 ஆகக் குறைப்பது, நோயை விட்டு வலியை மறைப்பதாகும்.

பணிகள் யாவும் நின்ற பின்னரும் மின்சாரம் துண்டிக்கப்படாவிடின், குற்றம் கருவில் அல்லது வரைகலை இயக்கியில், அன்றேல் பயாஸ் எனும் அடிப்படை நிரலில் இருக்கலாம். அவற்றைப் புதுப்பித்தும், தொடக்கப் பட்டியலிலிருந்து பழைய கருவைத் தேர்ந்தும் சோதித்தல் வேண்டும். பழைய கருவில் குறை நீங்குமாயின் குற்றவாளி அகப்பட்டதாகக் கொள்ளலாம்.

எதற்கும் இணங்காதபோது, ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்தியபடி எஸ், யு, ஓ என்னும் எழுத்துக்களைச் சற்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாய் அழுத்தலாம். இவ்வசதி இயங்கும் கணினியில் முதலாவது, காத்திருக்கும் தரவை வட்டில் எழுதும். இரண்டாவது, வட்டைப் படிப்பதற்கு மட்டுமே உரியதாக்கும். மூன்றாவது மின்சாரத்தை நிறுத்தும். மின்பொத்தானை அழுத்துவது இதற்கும் பிற்பட்ட வழியே.

ஒருநாள் வேலையையும் கூலியையும் இழந்து, பழுதென்று கருதிய கணினியை ஹட்டன் நகருக்குச் சுமக்குமுன், அதன் குறிப்பேட்டைப் படித்துப் பார்ப்பது தக்கது. பல வேளைகளில் அங்கே பழுதடைந்தது கணினியன்று. விடைபெறத் தெரியாத ஒரு சிறு நிரலேயாகும்.