கடல் கடந்தபின் விரிந்த அடையாளம்



அயல்நாடு சென்று பயிலும் மாணவர் தம் அடையாளத்தை இழந்துவிடுவார் என்பது பெற்றோரின் பழைய அச்சம். வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது.

1935இல் சட்டம் பயில லண்டன் சென்ற ஜோதிபாசு, கல்கத்தா மருத்துவர் ஒருவரின் மகன். குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மோகன் கேம்பிரிட்ஜிலும், அவர் தங்கை பார்வதி ஆக்ஸ்போர்டிலும் பயின்றனர். தாயகத்தில் அவர்கள் வங்காளி, தமிழர், இன்ன குடும்பத்தார். இங்கிலாந்தில் அப்பெருமைகள் செல்லுபடியாகவில்லை. வாடகைக்கு அறை கேட்டுக் கதவைத் தட்டியவரின் நிறமே பார்க்கப்பட்டது. இழிவாகச் சுமத்தப்பட்ட 'இந்தியர்' என்ற பெயரை, மஜ்லிஸ் எனப்பட்ட மாணவர் மன்றங்களில் கூடி அவர்கள் உரிமை முழக்கமாக மாற்றினர்.

ஆயினும், அவமானம் மட்டுமே எவரையும் போராளியாக்கிவிடாது. அதே அவமானத்தை அனுபவித்த பலர் ஐ.சி.எஸ். அதிகாரிகளாகத் திரும்பி அதே ஆட்சிக்குச் சேவகம் புரிந்தனர். வேறுபாடு எங்கே தோன்றியது?

கிழக்கு லண்டன் இதற்கு விடை தருகிறது. லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்கள், வெள்ளை மாலுமியைவிட மிகக் குறைந்த கூலிக்கு உழைத்து அங்கே வாழ்ந்தனர். பாசுவும் தோழர்களும் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தனர். கற்பிக்கச் சென்றவர்களே கற்றுத் திரும்பினர். 1936இல் வேலை கேட்டு ஜாரோ நகரிலிருந்து லண்டனுக்கு நடந்தே வந்த ஆங்கிலேயத் தொழிலாளரையும் அக்காலம் கண்டது. ஆளும் இங்கிலாந்து வேறு, உழைக்கும் இங்கிலாந்து வேறு என்பது தெளிவாயிற்று. தேசிய உணர்வோடு வர்க்க உணர்வும் சேர்ந்தது. 1940இல் திரும்பிய பாசு, பாரிஸ்டர் தொழிலை ஒதுக்கி இயக்கப் பணியேற்று, பின்னர் ரயில்வே தொழிலாளரை அணிதிரட்டினார். பார்வதி கிருஷ்ணன் தொழிற்சங்கத் தலைவராகவும் கோவையின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார்.

இன்று கடன் வாங்கிச் சென்று, இரவில் கிடங்குகளிலும் உணவகங்களிலும் உழைத்துப் பயிலும் மாணவர்முன் அதே கேள்வி நிற்கிறது. தனிமைக்கு மருந்தென்று சாதிச் சங்கங்களும் மதவெறி அமைப்புகளும் அங்கேயும் அழைக்கின்றன. சாதியும் விமானம் ஏறுகிறது. 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சட்டம் இயற்ற நேர்ந்தது அதற்குச் சான்று.

எல்லையைக் கடப்பதால் மட்டும் மனம் விரிவதில்லை. அருகில் நின்று உழைக்கும் வங்கதேசத்தவரையும் நேபாளியையும் ஆப்பிரிக்கரையும் தோழராக ஏற்கும்போதே விரிகிறது. அயல்நாடு செல்லும் ஒவ்வொரு மாணவரிடமும் இச்செய்தியைச் சேர்ப்பது மாணவர் இயக்கத்தின் கடமை.