படித்துவிட்டு அழுத்துங்கள்
(செக்காலை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

இணையத்தைத் திறந்து காட்டுவது பிரவுசர். அதில் ஒன்று பயர்பாக்ஸ்; 2004 நவம்பரில் வெளிவந்தது. காசு கிடையாது, யாரும் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதனாலதான் தமிழும் வந்துச்சு. 2005 ஏப்ரலில் மத்திய அரசு இலவசமாகத் தந்த தமிழ் மென்பொருள் சிடியிலும் அது இருந்தது.

நான் பயன்படுத்திப் பார்த்தேன். சில சொல் புதுசாத் தெரியும், நாலு நாளில் பழகிடும். கணக்கைத் திறக்கும்போது, கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும். ஆங்கிலத்தில் கேட்டால் புரியாமலே சரி என்று அழுத்திடுவோம். பொதுக் கணினியில் சேமித்துவிட்டால், அடுத்து உட்காருகிறவர் நம் கணக்கிற்குள் போகலாம். தமிழில் கேட்டால் வேண்டாம் என்போம்.

தீர்மானத்தை வாசித்த பிறகுதானே கையெழுத்துப் போடுறோம்? இதுவும் அப்படித்தான் சகோதரிகளே.