பின்பக்கத்தில் பெயர் எழுதுங்கள்

(தாம்பரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஃபிலிம் கேமராவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தாலே 'அந்தக் காலம் போல வருமா' என்று ஒரு பெருமூச்சு வரும். அதில் பாதிக்குத்தான் எனக்குச் சம்மதம்.

ஒரு சுருளில் 36 படம். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனால் புலிக்கு ஒன்று, யானைக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து எடுப்போம். ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்து வாங்கினால், பெரியப்பா கண்ணை மூடியிருப்பார். அதற்கும் காசு. நம் மாணவர்களின் தாத்தா பாட்டிகளில் பலருக்குக் கல்யாணப் படமே கிடையாது. இன்று சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவின் கைப்பேசியிலும் குழந்தை முதல் அடி எடுத்து வைத்தது வீடியோவாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு நான் பழைய காலத்துக்குத் திரும்ப மாட்டேன்.

ஃபிலிம் நம் ஊர்ச் சரக்கும்கூட. 1960இல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன. தொழிற்சாலை இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர். இறக்குமதிப் போட்டியில் நலிந்து, டிஜிட்டல் வந்தபின் எழ முடியாமல் மூடப்பட்டது. ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் பேருந்திலேயே இந்தக் கதையைச் சொல்லலாம். ஜெலட்டின் பூச்சில் இருக்கும் வெள்ளி உப்பு, ஒளி பட்டால் மாறுகிறது என்ற வேதியியல் பாடமும் அதற்குள் இருக்கிறது.

பெருமூச்சில் எனக்குச் சம்மதமான பாதிக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது நமக்கெல்லாம் தெரியும். வெள்ளம் வடிந்ததும் நனைந்த ஆல்பத்தை வெயிலில் காயப்போட்டால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் போய்விடும். ஃபிலிமிலிருந்து போட்ட பிரிண்ட், தண்ணீரில் கழுவி எடுத்ததுதானே? ஈரம் காய்வதற்குள் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, மெதுவாகப் பிரித்து, படம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தினால் பல படங்கள் பிழைக்கும். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பின் தன்னார்வலர்கள் இப்படித்தான் ஏராளமான படங்களைக் கழுவி மீட்டார்கள். கைப்பேசி நனைந்து செத்தால், வேறெங்கும் சேமிக்காத படமும் அதோடு போய்விடும்.

வெள்ளம்கூட வேண்டாம், பணிமாறுதல் போதும். பள்ளி விழாப் படம் முழுக்க ஓர் ஆசிரியரின் கைப்பேசியில் இருக்கும். அவர் வேறு பள்ளிக்குப் போவார், புதுக் கைப்பேசி வாங்குவார். அத்தோடு சரி.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா பள்ளிக்கு வந்தார். மகள் 1998இல் எங்களிடம் ஆறாம் வகுப்பு படித்தவள். பிறகு காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. பீரோவின் அடித்தட்டில் அந்த ஆண்டின் குரூப் ஃபோட்டோ கிடைத்தது. எந்தப் பெண் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றைய வகுப்பாசிரியர் பின்பக்கம் வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருந்தார். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை; இரண்டாம் வரிசையில் நேராக விரல் வைத்தார். கைப்பேசியில் அந்த முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, கடையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். காப்பாற்றி வைத்தது ஃபிலிம், அவர் கைக்குக் கொண்டு சேர்த்தது டிஜிட்டல்.

அதனால் என் வேண்டுகோள் சின்னது. ஆண்டுக்கு ஒரு முறை, வகுப்புக்கு ஒரு குரூப் ஃபோட்டோவைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போடுங்கள். வகுப்பாசிரியர்கள் பங்கு போட்டால் பெரிய செலவில்லை. பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் படத்தை முகநூலில் போடாதீர்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். பென்சிலால் ஒரு தாளில் எழுதிப் பின்னால் ஒட்டுங்கள். இடமிருந்து வலம், ஆண்டு, வகுப்பு. எழுதுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள், அவர்களுக்குத்தான் இனிஷியல் சரியாகத் தெரியும். அன்று வராதவர்களின் பெயரையும் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது சத்துணவுச் சமையல் அக்காவையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள். கை ஈரமாக இருக்கிறது என்பார், விடாதீர்கள்.