கடல் நீரோட்டத்தை அளக்கும் ஒலிக்கருவி



கப்பலின் அடியிற் பொருத்தி நீரோட்டத்தை அளக்கும் ஒலிக்கருவிகளுள் எதனைத் தெரிவது என்பது பற்றிச் சில சொல்ல வந்துள்ளோம். கருவி வாங்கப் புறப்படுவோர் பலர் முதலில் விலையைக் கேட்கின்றனர். எவ்வளவு ஆழத்து நீரை அளக்கப் போகிறோம் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

புகைவண்டி எம்மை நோக்கி வருகையில் அதன் ஊதல் உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் ஒலிக்கக் கேட்டிருக்கின்றோம். அலைகளின் இவ்வியல்பை 1842 ஆம் ஆண்டில் டொப்ளர் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். எமது கருவி வேலை செய்வதும் இதனாலேயே. பெரும்பாலும் நான்கு கற்றைகளாக ஒலி நீருட் சாய்வாகச் செலுத்தப்படும். நீரோடு மிதந்து செல்லும் நுண்ணிய உயிர்களிற் பட்டு அது மீளும். மீண்ட ஒலியின் அதிர்வெண் மாறிய அளவு வேகத்தையும், மீள எடுத்த நேரம் ஆழத்தையும் காட்டும். அவ்வுயிர்கள் அருகிய நீரிற் கருவி செவிடாகிவிடும்!

அதிர்வெண் கூடினால் நுட்பம் கூடும். ஆனால் ஒலி விரைவில் நீரால் உறிஞ்சப்படும். 300 கிலோஹேர்ட்ஸ் கருவி ஏறக்குறைய 100 மீற்றர் வரை எட்டும். 38 கிலோஹேர்ட்ஸ் கருவியோ நல்ல நிலையில் 1000 மீற்றர் வரை செல்லும். நியூ ஜேர்சிக்கும் பெர்மூடாவுக்குமிடையே குடா நீரோட்டத்தைக் கடந்து செல்லும் ஓலியாண்டர் என்ற சரக்குக் கப்பலில் 1992 இல் 150 கிலோஹேர்ட்ஸ் கருவி பொருத்தப்பட்டது. மேலும் ஆழத்தை எட்டுவதற்காக 2005 இல் 75 கிலோஹேர்ட்ஸ் கருவி வந்தது.

பெரியதே சிறந்தது என்று எண்ணிவிடலாகாது. எமது பாக்குக் குடாவிற் பல இடங்களில் ஆழம் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் இல்லை. கப்பலின் அடிக்குக் கீழே முதற் சில மீற்றரை எக்கருவியும் அளக்காது. தாழ்ந்த அதிர்வெண்ணில் இக்குருட்டு இடைவெளி இன்னும் பெரிது. அங்கே 38 கிலோஹேர்ட்ஸ் கருவியைக் கொண்டு செல்வது, ஊசி வேண்டிய இடத்துக்குக் கடப்பாரையைச் சுமப்பதாகும். தெற்கே, பருவக்காற்றோடு திசை மாறும் ஆழ்கடல் ஓட்டத்துக்கு அதுவே ஏற்றது.

கருவியைப் பொருத்தும் இடத்தையும் பார்த்தல் வேண்டும். கொந்தளிப்பில் முன்னணியத்திலிருந்து அடித்துவரும் காற்றுக் குமிழிகள் ஒலியை மறித்துவிடும்.

யாவற்றிலும் கவனிக்க வேண்டியது கப்பலின் முகத்திசையை அறியும் கருவி. கடலோட்டத்தைப் பெற, கப்பலின் வேகத்தைக் கணக்கிற் கழிக்கின்றோம். மணிக்கு 10 கடல்மைல் செல்லும் கப்பலில் திசை ஒரு பாகை பிழைத்தால், இல்லாத குறுக்கோட்டம் ஒன்று செக்கனுக்கு 9 சென்ரிமீற்றர் வேகத்தில் ஏட்டிற் பதிவாகும். சிறு பிழைதானே எனலாம். காணாமற்போன தோணியை அக்கணக்கை நம்பித் தேடுவோர், ஒரு நாளிற் கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர் விலகிச் சென்று தேடுவர். ஆகையால், கையிலுள்ள பணம் இரண்டுக்கும் போதாதெனின், ஒலிக்கருவியில் ஒரு படி குறைத்துக்கொண்டு நல்ல திசைகாட்டியை வாங்குக என்றே சொல்வோம்.