சமுதாயக் கல்லூரியும் நம் இளைஞர் வாழ்வும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிப் படப்பையில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விக் கழகத்தைப் பாராட்டுவது எளிது. எத்தனை பேர் பயின்றனர், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பவை எல்லாம் செயலாளர் வாசிக்கும் அறிக்கையில் வந்துவிடும். அவ்வறிக்கையில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே நான் பேச எண்ணுகிறேன். கல்லூரி வாழ்க்கை என்று சொல்கிறோமே, அது என்ன? தொழிற்பயிற்சிக்கென ஏற்பட்ட ஒரு சமுதாயக் கல்லூரியில் அதற்கு இடம் உண்டா? வறுமையில் உழலும் நம் மக்களுக்கு அது ஓர் ஆடம்பரமா, அன்றித் தேவையா? இவ்வினாவிற்கு விடை காண்பதே என் உரையின் நோக்கம்.

சமுதாயக் கல்லூரி என்னும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாட்டில் ஜோலியட் என்னும் நகரில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இரண்டாண்டுக் கல்லூரியே இதன் முன்னோடி. நம் பக்கத்தில் 1995இல் புதுச்சேரியிலும், 1996இல் சென்னையிலும் இம்முயற்சி வேர் கொண்டது. அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் போன்ற கல்வியாளர்கள் அதனைத் தமிழ்நாடெங்கும் பரப்பினர். பின்னர்த் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பல்கலைக்கழக மானியக் குழுவும் இதனைத் தம் திட்டங்களில் ஏற்றன. பள்ளி இறுதியில் தவறியவர், மேலே படிக்கப் பணமின்றி நின்றவர், திருமணத்தால் படிப்பை விட்ட பெண்கள் ஆகியோர்க்குக் குறைந்த செலவில், குறைந்த காலத்தில் தொழிலும் சான்றிதழும் தருவது இதன் குறிக்கோள். ஆனால் இதனை வகுத்தவர்கள் தொழிலை மட்டும் வகுக்கவில்லை. வாழ்வுத் திறன், தொழில் திறன், தொழிலகத்தில் நேர்ப்பயிற்சி என்று பகுத்து, வாழ்வுத் திறனை முன்னே வைத்தார்கள். காலமும் பணமும் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வாழ்வுத் திறன்தான். அதுதான் என் கவலை.

நாம் வாழும் இடத்தைப் பாருங்கள். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களின் நடுவே இன்று தொழிற்பேட்டைகள் எழுந்து நிற்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையும் அங்கேயே எழுந்தன. நம் பாட்டன்மார் அண்டை வீட்டான் வயலில் ஏர் பிடித்தார்கள். பேரன்மார் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனிப் பேருந்தில் ஏறுகிறார்கள். மாதம் பிறந்தால் வங்கியில் ஊதியம் விழுகிறது. இது சிறிய மாற்றமன்று. இதனைக் குறைத்துப் பேசுபவன் நான் அல்லன்.

ஆயினும் பதினெட்டு வயதில் பேருந்தில் ஏறியவனிடம், "தம்பி, மேலே படிக்கவில்லையா?" என்று கேட்டால், "அதுதான் வேலை கிடைத்துவிட்டதே!" என்கிறான். பெற்றோரும் அதையே சொல்கின்றனர். அவர்களை நான் குறை கூறமாட்டேன். கடன்காரன் வாசலில் நிற்கும்போது யாரும் தத்துவம் பேச முடியாது. ஆனால் இக்கேள்விக்கு நம் முன்னோர் வாழ்க்கையில் ஒரு விடை இருக்கிறது.

நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அவர் கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். அக்கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் பார்ப்பன வகுப்பினர். சாதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. நட்புக் கொண்டால் ஊரும் குலமும் கேட்பார்கள், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சிய அச்சிறுவர், பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவாராம். உடன் பயில்வோரோடு கூடி விளையாட முடியவில்லையே என்னும் வருத்தம் அவர் உள்ளத்தில் நெடுநாள் தங்கியது.

இளைஞர்களே, இதனை உன்னிப் பாருங்கள். அவருக்குப் பாடம் மறுக்கப்படவில்லை. வகுப்பறையில் இடம் இருந்தது, புத்தகம் இருந்தது, தேர்வும் இருந்தது. மறுக்கப்பட்டது மணி அடிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம். தோழமை, விளையாட்டு, வாதம், சிரிப்பு ஆகிய அனைத்தும் அந்த நேரத்தில்தான் இருக்கின்றன. அதுவே கல்லூரி வாழ்க்கை! அதனை இழந்த அந்த மாணவர்தாம் பின்னாளில் 1893இல் நம் மக்களுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடினார். அவருக்குக் கிட்டாத அந்த நேரம் நம் பிள்ளைகளுக்குக் கிட்ட வேண்டாமா?

அடுத்து, பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களைப் பார்ப்போம். தொழிற்கல்வியை அவர் ஒருபோதும் தாழ்வாக எண்ணியவர் அல்லர். 1942இல் அரசப் பிரதிநிதியிடம் அளித்த கோரிக்கை மனுவில், நம் மாணவர்க்கு அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் தொழில் பழகுநர் இடங்களும் கேட்டார். அம்முயற்சியின் பயனாக 1944இல் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் உதவித்தொகைக்கென ஒதுக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் பெறும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அதுவே.

ஆனால் அவர் பணிமனையோடு நிற்கவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946 சூன் திங்களில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வேலைக்குச் செல்வோரும் படிக்க வேண்டும் என்பதற்காக அங்கே காலை வகுப்புகள் நடந்தன. காலையில் மாணவன், பகலில் ஊழியன்! உழைப்பவனுக்கும் முழுக் கல்லூரி வாழ்க்கை வேண்டும் என்று அவர் கருதியதால், அங்கே மாணவர் நாடாளுமன்றம் ஒன்று இயங்கியது. மாணவர்கள் சட்ட முன்வரைவுகளை விவாதித்தார்கள். 1950இல் அண்ணலே அம்மன்றத்திற்கு வந்து இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைப் பற்றிப் பேசினார். நாட்டின் சட்ட அமைச்சர், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் மாணவர்முன் நின்று தம் மசோதாவுக்கு விளக்கம் சொல்லுகிறார் என்றால், அம்மாணவரை அவர் எத்துணை உயர்வாக மதித்திருக்க வேண்டும்!

1950இல் ஔரங்காபாத்தில், இன்று சத்ரபதி சம்பாஜிநகர் எனப்படும் ஊரில், அடுத்த கல்லூரி தொடங்கியது. உயர்கல்விக்கு வழியற்றுக் கிடந்த மராத்வாடாப் பகுதி அது. மிலிந்த் என்று அக்கல்லூரிக்குப் பெயர் சூட்டினார். மிலிந்தன் என்பவன் ஒரு மன்னன், நாகசேனர் என்னும் பௌத்தத் துறவியோடு வாதிட்டான், தோற்றான், தோற்றதை ஒப்புக்கொண்டு, சொன்ன சொற்படி அவருக்கு மாணவனானான். வெல்லும் திறனோடு, உண்மைக்குத் தலைவணங்கும் நேர்மையும் மாணவனுக்கு வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள்.

அக்கல்லூரியின் சாதனை யாது? தேர்ச்சிப் பட்டியலோடு அது முடிந்துவிடவில்லை. முதல்வராயிருந்த ம.பி. சிட்னிஸ் எழுதிய 'யுகயாத்ரா' நாடகம் 1950களின் நடுவில் மேடையேறியது. 1967இல் அக்கல்லூரிச் சூழலிலிருந்து ஓர் இலக்கியக் காலாண்டிதழ் முளைத்தது. பேராசிரியர் கங்காதர் பந்தாவணே ஆசிரியராயிருந்த 'அஸ்மிதாதர்ஷ்' என அது வளர்ந்து, மராத்தியில் தலித் இலக்கியத்திற்கு நாற்றங்காலாயிற்று. எழுத்தறியா வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இருபதாண்டுக் காலத்திற்குள் ஒரு மொழியின் இலக்கியத்தையே திருப்பிப் போட்டார்கள். மராத்வாடாப் பல்கலைக்கழகத்திற்கு அண்ணலின் பெயரைச் சூட்ட வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தபோது, நீண்ட போராட்டத்திற்குப் பின் 1994 சனவரி 14ஆம் நாள் அது நிறைவேறியது. இவற்றையெல்லாம் வகுப்புப் பாடம் மட்டும் தந்திருக்க முடியுமா? விடுதித் திண்ணையும், நாடக மேடையும், நூலகமும், இதழும் சேர்ந்தே தந்தன.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள், வேலையிழந்தனர். ஒரே வரிசையில் ஒரே வேலையைச் செய்து பழகிய கைகள் அடுத்த வாயிலில் புதியவர்களாக நின்றன. ஒரு தொழிலைக் கற்றவனுக்கு அத்தொழில் இருக்கும்வரைதான் வாழ்வு. மேலும் கற்கக் கற்றவனுக்கோ, தொழில் மாறினாலும் வாழ்வு உண்டு.

இன்னொன்று. 2024 செப்டம்பர், அக்டோபர் திங்களில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தம் சங்கத்திற்கு ஏற்பு வேண்டி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 2025 சனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. அதைப் பற்றி அவரவர் கருத்து எதுவாயினும் ஆகுக. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தொழிற்சங்கச் சட்டம் என்ன சொல்கிறது, மனுவை எவ்வாறு எழுதுவது, மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவரிடம் எவ்வாறு நிதானமாகப் பேசுவது? இவை எந்த இயந்திரப் பயிற்சியிலும் வருவன அல்ல. மன்றத்தில் நின்று பேசிப் பழகிய நாவிற்கே வருவன. நம் பிள்ளைகளின் கைகளுக்கு விலை கிடைத்துவிட்டது. அவர்களுடைய சொல்லுக்கும் மதிப்புக் கிடைக்க வேண்டும். அதற்குக் களம் கல்லூரியே.

தாய்மார்களுக்கு ஒரு சொல். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் விடுதி திறக்கப்பட்டது. அவ்வளவு பெண்கள் வீட்டைவிட்டு வந்து உழைக்கும் நிலம் இது. உங்கள் பெண் ஆலைக்குப் போகலாம், இரவு வேலைக்கும் போகலாம், கல்லூரி விழாவில் நாடகத்தில் நடிக்க மட்டும் கூடாது என்பது என்ன நியாயம்? ஊதியம் கொண்டுவரும் பெண்ணுக்கு உரை நிகழ்த்தவும் உரிமை உண்டு. அவளை மாலை நான்கு மணிக்கே வீட்டிற்கு விரட்டாதீர்கள்.

இக்கழகத்தார்க்கும் இளைஞர்க்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: வகுப்பு நேரத்தை ஆலையின் ஷிப்ட் நேரத்தோடு பொருத்துங்கள். சித்தார்த்தா கல்லூரி காலையில் நடந்தது. நம் கல்லூரி மாலையிலும் ஞாயிறன்றும் நடக்கட்டும்.

இரண்டு: வாரம் ஒரு மணி நேரம் மாணவர் மன்றத்திற்கு ஒதுக்குங்கள். எக்காரணம் கொண்டும் அந்த மணி நேரத்தைப் பயிற்சிக்குக் கடன் கொடுக்காதீர்கள். குடிநீர், பேருந்து, ஒப்பந்தக் கூலி என நம் ஊர்ச் சிக்கலையே அங்கு விவாதப் பொருளாக்குங்கள். தோற்றவர் மிலிந்தனைப் போல் ஒப்புக்கொள்ளட்டும்.

மூன்று: கையெழுத்து இதழ் ஒன்று தொடங்குங்கள். அச்சுக்குப் பணம் இல்லையென்றால் தாளும் பசையும் போதும். தன் பாட்டியின் வாழ்க்கையை ஒவ்வொரு மாணவனும் எழுதினால், பத்தாண்டில் இப்பகுதியின் வரலாறு நம் கையால் எழுதப்பட்டிருக்கும்.

நான்கு: எந்தப் பயிற்சியிலும் சேருமுன், அதற்கு அங்கீகாரம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம், அதை முடித்தபின் எந்தப் படிப்பில் சேரலாம் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பிற்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. டிப்ளமா முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு. ஏணியின் முதற்படியில் வீடு கட்டிக்கொள்ளாதீர்கள்.

ஐந்து: படித்து வேலையில் அமர்ந்தவர்கள் ஆண்டில் ஒரு நாள் ஊதியத்தைக் கழக நூலகத்திற்கு அளியுங்கள். பணத்தினும் மேலாக, மாதம் ஒரு மாலையை அளியுங்கள். புதிதாக வந்த மாணவன் தனியே சுவரோரம் நின்றால், அவனை அழைத்து உங்களோடு அமர்த்துங்கள்.

இந்த ஐந்தாவது வேண்டுகோளைத்தான் மிக வற்புறுத்துகிறேன். பாடம் சொல்லித்தர ஆசிரியரை நியமிக்கலாம். இயந்திரத்தை நன்கொடையாகப் பெறலாம். தோழமையை நியமிக்கவும் முடியாது, நன்கொடையாகப் பெறவும் முடியாது. அதனை மாணவர்களாகிய நீங்களே ஆக்கியாக வேண்டும். மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, அச்சமும் தயக்கமும் இன்றி, நம் பிள்ளைகள் ஓடிவந்து கூடும் இடமாக இக்கல்லூரி விளங்குமாயின், இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் பட்ட பாட்டிற்கு அதுவே பயன்.

 கல்வி ஓங்குக! கழகம் வளர்க! ஜெய் பீம்!